மழைக்காலத்தைக் கடக்கும் விதை

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்களைப் படித்து, அவற்றில் சொல்லியபடியே விதையைக் காகித உறையில் இட்டு அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்து விதைத்து, ஒன்றும் முளைக்கக் காணாமல் மண்ணையும் எருவையும் தம்முடைய கைராசியையும் நொந்துகொண்ட நண்பர்கள் எனக்கு அநேகம் பேர் உண்டு. அவர்கள் நொந்துகொண்ட மூன்றின்மீதும் குற்றமில்லை. அந்த நாடுகளில் விதை அலமாரியில் கழிப்பது குளிர்கால மாதங்களை. உலர்ந்த விதைக்குக் குளிர் ஒரு தாலாட்டு. நம் நாட்டிலோ, குறிப்பாகக் கடலை ஒட்டிய சென்னை, கடலூர், நாகை முதலிய ஜில்லாக்களில், விதை கழிக்க வேண்டியவை, ஜாடியிலுள்ள உப்பு தானே கசிந்து நீர் விடுகிற ஐப்பசி கார்த்திகை மாதங்கள். அப்பளம் நமத்துப்போகிற காற்றில் விதை மட்டும் நமத்துப்போகாமல் இருக்குமா என்று, நூலைப் புரட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். வெப்ப நாட்டில் விதையைக் காப்பது பெரும்பாலும் அதை ஈரத்திலிருந்து காப்பதுதான். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகிற யாவும் அந்த ஒரு விஷயத்தின் கிளைகள்.

விதை உயிருள்ள பதார்த்தம். அது உறங்குகிறது, உறங்குகிற குழந்தையைப் போலவே உறக்கத்திலும் மூச்சு விடுகிறது. நெடும் பிரயாணத்துக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதுபோல, தாய்ச்செடி விதைக்குள் மாவும் எண்ணெயும் புரதமும் சேர்த்து வைத்து அனுப்புகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சோற்றிலிருந்து ஒரு பருக்கை செலவாகிறது. விதை உலர்ந்திருந்தால் மூச்சு மெல்ல வரும். சோறு வருஷக்கணக்கில் காணும். விதை ஈரமாயும் இடம் உஷ்ணமாயும் இருந்தால் மூச்சு விரையும். அதைவிட மோசம், சோறு தீர்வதற்கு முன்பே ஊசிப்போய்விடும். கலிபோர்னியாவில் விதைகளை ஆராய்ந்த ஹாரிங்டன் என்ற அறிஞர் இதற்கு எளிய கணக்குகள் சொல்லி வைத்தார்: விதையிலுள்ள ஈரம் ஒரு சதவிகிதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி செல்சியஸ் குறையுந்தோறும் இன்னொரு முறை இரட்டிக்கும். பாரன்ஹீட் கணக்கில் உஷ்ணத்தையும், காற்றின் ஈரப்பதச் சதவிகிதத்தையும் கூட்டி வரும் தொகை 100-க்குள் இருந்தால் விதை சௌக்கியமாக இருக்கும் என்பது அவர் பெயரால் வழங்கும் மற்றொரு கைக்கணக்கு. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை வேளையில் நம் வீட்டுக் கூடத்தில் உஷ்ணம் 80 என்றும் ஈரப்பதம் 85 என்றும் வைத்துக்கொண்டால் தொகை 165 வந்து நிற்கிறது. உஷ்ணத்தின்மீது நமக்குள்ள அதிகாரம் கொஞ்சந்தான். ஈரத்தின்மீது உள்ள அதிகாரமோ கணிசமானது.

அந்த அதிகாரத்தைச் செலுத்தத் தொடங்க வேண்டிய இடம் அலமாரியன்று, செடி. நம் முன்னோர் வருஷத்தைப் பட்டங்களாகப் பகுத்துக்கொண்டார்கள். ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியைப் பள்ளிப்பிள்ளையும் ஒப்பிக்கும். ஆனால் விதை எடுப்பதற்கு உரிய பட்டம் எது என்று கேட்டால் பெரியவர்களும் விழிப்பார்கள். ஆடியில் ஊன்றிய வெண்டையும் பீர்க்கும் புரட்டாசியில் காய்த்து ஐப்பசியில் முற்றுகின்றன. அந்தச் சமயம் பார்த்து வடகிழக்குப் பருவமழை வந்து சேர்கிறது. செடியிலேயே நனைந்து, நனைந்தபடியே கறுத்து, சில சமயம் நெற்றுக்குள்ளேயே முளையும் விட்டுவிடுகிற விதையைப் பிறகு எந்தப் பேழையில் வைத்துப் பூட்டினாலும் பிரயோஜனமில்லை. ஆகவே ஆடிப்பட்டத்துக் காயை அடுப்புக்கும், தைப்பட்டத்துக் காயை விதைக்கும் என்று கூடியவரை பிரித்துக்கொள்வது உசிதம். தையில் ஊன்றிய செடி பங்குனி சித்திரையில், வறண்ட வெயிலில் முற்றும். அதிலிருந்து எடுத்த விதை அடுத்த ஆடிக்கே உதவும். பாதுகாப்பில் அது இருக்கப்போவது ஏறக்குறைய நூறு நாள். எஞ்சியதை மட்டும் மழையைத் தாண்டி அடுத்த தைக்குக் கொண்டுபோனால் போதும்.

அவரையும் மொச்சையும் இந்த ஏற்பாட்டுக்கு உட்படமாட்டா. நாட்டு அவரை, பகற்பொழுது குறுகினாலன்றிப் பூக்காத ஸ்வபாவம் உடையது. ஆடியில் ஊன்றினால் பந்தலை நிறைத்து, கார்த்திகை மார்கழியில் பூத்து, பொங்கல் குழம்புக்குக் காய் தரும். தையில் ஊன்றினாலோ கோடை முழுவதும் கொடியும் இலையுமாகப் படர்ந்து, தண்ணீர் ஊற்றுகிறவரைப் பரிகசித்துக்கொண்டிருக்கும். அதன் நெற்று மாசி வெயிலில் காய்வதால் நமக்கு நஷ்டமில்லை. இரண்டு பருவமழையும் வந்து எட்டிப் பார்க்கிற கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களுக்குத்தான் இந்த வசதிகள் முழுமையாகக் கிட்டுவதில்லை. அவர்கள் பின்னால் சொல்லும் பரண் வைத்தியத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

விதைக்கு விடும் காயை நிச்சயிப்பதில்தான் வீட்டுத் தோட்டக்காரரின் மனவுறுதி பரீட்சிக்கப்படுகிறது. திரண்ட காயைக் கண்டதும் சமையலறை கை நீட்டும். கடைசியில் கொடி வற்றும்போது தொங்குகிற கூனல் காய் ஒன்று விதைக்கென்று மிஞ்சும். வருஷந்தோறும் கழிசலையே விதையாக்கிக்கொண்டு வந்தால் நல்ல ரகமும் நாளடைவில் சீர்கெடும். என் பாட்டி, கொடியின் நடுப்பகுதியில் பிடித்த நல்ல பிஞ்சாகப் பார்த்து, அதன் காம்பில் பழைய சிவப்புப் புடவைக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவாள். அந்தத் துணியைக் கண்டபின் என் தாத்தா உட்பட வீட்டில் ஒருவரும் அந்தக் காயைத் தொடத் துணிந்ததில்லை. காயை மட்டும் பார்த்துப் பயனில்லை, செடியையும் பார்க்க வேண்டும். நரம்பெல்லாம் மஞ்சளித்த வெண்டை, இலை சிறுத்துக் குத்தாகிவிட்ட கத்தரி, இலை சுருண்ட தக்காளி ஆகியவற்றின் காய் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் விதைக்கு வேண்டாம். வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயை வெள்ளை ஈ பரப்புகிறதேயன்றி விதை சுமந்து செல்வதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்த ஈயின் நடுவிலும் தலைநிமிர்ந்து நின்ற செடியின் பிள்ளைகளே அடுத்த பட்டத்தில் நமக்கு வேண்டியவர்கள். விதை முழுவதையும் ஒரே செடியிலிருந்து எடுக்காமல் நான்கைந்து நல்ல செடிகளிலிருந்து கலந்து எடுத்தால், ஒரு செடியிடம் இருந்த மறைவான குறை தோட்டம் முழுவதற்கும் வந்துவிடாது.

கடையில் வீரிய ஒட்டு விதை என்று வாங்கி வளர்த்த செடியிலிருந்து விதை எடுப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம், முளைக்கும், ஆனால் பிள்ளைகளில் ஒன்று பாட்டனையும் மற்றொன்று பாட்டியையும் கொண்டு பிறக்கும், தகப்பனையும் தாயையும் கொண்டு பிறப்பது அபூர்வம். வேடிக்கை பார்க்க ஆசை உள்ளவர்கள் செய்து பார்க்கட்டும்; குழம்புக்குக் காய் வேண்டுகிறவர்கள் நாட்டு ரகத்தையோ, ஒட்டு அல்லாத தேர்வு ரகத்தையோ நாடுவது மேல். கடை விதையில் சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சண மருந்தின் அடையாளம்; மிஞ்சிய விதையைச் சமையலுக்கோ கோழிக்கோ போடக்கூடாது.

ஜாதி கலக்கும் விஷயத்தில் தக்காளி, காராமணி, கொத்தவரை ஆகியவை அதிகத் தொல்லை தருவதில்லை. பூ விரிவதற்குள்ளேயே தம் காரியத்தை ஏறக்குறைய முடித்துக்கொள்கின்றன. கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றில் தேனீயும் சிறிது கை வைக்கும். இரண்டு ரகக் கத்தரியை அருகருகே வைத்திருப்பவர், விதைக்குரிய கிளையின் மொட்டுகளை மெல்லிய துணிப்பை ஒன்றால் மூடிக் கட்டிவிட்டால், காற்றில் அசையும்போதே தன் மகரந்தத்தில் காய் பிடிக்கும். பிடித்தபின் பையைக் கழற்றிவிடலாம். பூசணி, பீர்க்கு, புடலை, சுரை, பாகல் ஆகிய கொடிகளின் சமாசாரம் வேறு. இவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூத்து, நடுவில் வண்டையும் பூச்சியையும் தூது விடுகின்றன. தூதர் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறார் என்பது நமக்குத் தெரியாது. ரகம் தூய்மையாக வேண்டுமானால் நாமே தூது போக வேண்டியதுதான். நாளை மலரப்போகிற மொட்டு நுனியில் நிறம் காட்டும். ஆணிலும் பெண்ணிலும் அப்படிப்பட்ட மொட்டுகளைப் பார்த்து இதழ் நுனியை நூலால் கட்டிவிட்டு, மலரும் வேளையில் அவிழ்த்து, ஆண்பூவின் இதழை நீக்கி அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, மறுபடியும் பெண்பூவைக் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையில் செய்யலாம். பீர்க்கும் சுரையும் புடலையும் மாலை மயங்கும் நேரத்தில் மலர்பவை ஆதலால், அவற்றிற்கு விளக்கு வைக்கும் வேளையில் தோட்டத்துக்குப் போக வேண்டும். கலப்பு நேர்ந்தாலும் இந்த வருஷத்துக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதை அடுத்த வருஷம் காய்க்கும்போதுதான் வெளிப்படும். பேய்ச்சுரையும் பேய்ப்பீர்க்கும் வேலியில் படர்ந்திருக்கிற ஊர்களில் இது விளையாட்டன்று. தோட்டத்துச் சுரையோ பீர்க்கோ கசந்தால், ஒரு துண்டு வாயில் பட்டவுடனேயே துப்பிவிட்டுக் கறியையும் கொட்டிவிட வேண்டும்; அந்தக் கசப்பு வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும் விஷம். அந்தக் கொடியின் விதை ஒன்றுகூட வீட்டுக்குள் வரக்கூடாது.

விதை முற்றும் அடையாளம் காய்க்குக் காய் வேறு. நாம் தின்னும் பருவம் பெரும்பாலும் காயின் பால்யம். விதையோ முதுமையை வேண்டுவது. வெண்டை செடியிலேயே காய்ந்து, பழுப்பேறி, விளிம்பு வெடிக்கத் தொடங்க வேண்டும். கத்தரி எந்த நிறத்தில் பிறந்திருந்தாலும் முடிவில் மஞ்சளோ செம்பின் நிறமோ அடைந்து தொளதொளத்துப்போகும், அதுதான் பருவம். மிளகாய் செடியில் முழுச் சிவப்பாக வேண்டும். புடலை செம்மஞ்சளாகப் பழுத்து வெடிக்கும். பாகல் பொன்னிறமாகி வாய் பிளந்து, சிவப்புச் சதை போர்த்த விதையைக் காட்டும். அணில் பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்த்தாக வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே நெற்றாகி, ஆட்டினால் கிலுகிலுப்பைபோல் ஒலிக்கும். பூசணியை மட்டும் பறித்தவுடன் அறுக்காமல் மூன்று நான்கு வாரம் வீட்டில் வைத்திருந்து அறுத்தால் விதை உள்ளேயே இன்னும் பருக்கும். கீரைத்தண்டின் கதிர், உள்ளங்கையில் கசக்கினால் கறுத்து மினுங்கும் விதை உதிருகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். இதில் ஒரு நாள் சோம்பினால் விதை முழுவதும் மண்ணில் விழுந்துவிடும். விழுந்தாலும் மோசமில்லை, அடுத்த மழைக்கு அதுவே நாற்றங்கால்.

தக்காளி விதையைச் சுற்றிய வழவழப்பான பசையில், முளையைத் தடுத்து நிறுத்தும் சத்து ஒன்று உண்டு. பழத்தைப் பிசைந்து, சிறிது நீர் சேர்த்து, ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்தால் நம் ஊர் உஷ்ணத்தில் ஒன்றரை நாளில் நுரைத்துப் புளித்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது, விட்டால் அங்கேயே முளைக்கப் பார்க்கும். பிறகு நீர் விட்டு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும்; பதரும் சதையும் மேலே வந்து வழிந்துபோகும். கத்தரிக்குப் புளிக்கவைத்தல் வேண்டுவதில்லை. பிசைந்து அலசினால் போதும். பப்பாளி விதையைச் சாம்பலில் புரட்டித் தேய்த்து, மேலே உள்ள கண்ணாடிபோன்ற உறையை நீக்கிவிட வேண்டும்.

இனி உலர்த்துவது. இந்த அத்தியாயத்தில் வாசகர் எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது என்பதால் சற்று நிதானித்துச் சொல்கிறேன். ஈரவிதையை எடுத்த எடுப்பில் வெயிலில் போடக்கூடாது; முதல் இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில், முறத்திலோ பாயிலோ வெள்ளைத் துணியிலோ மெல்லப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். காகிதத்தில் பரப்பினால் தக்காளி விதை ஒட்டிக்கொண்டு, கிழித்தெடுக்கும்போது நம் பொறுமையையும் கிழிக்கும். அதன்பின் நான்கைந்து நாள், காலை எட்டு மணி முதல் பதினொன்று வரையிலும், மாலை மூன்றரைக்குப் பிறகும் இளவெயில் காட்டலாம். உச்சி வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் மாடியின் சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாதென்றால் அங்கே விதையை வைக்கலாமா? 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால், ஈரம் மிச்சமுள்ள விதையின் கரு வெந்துபோகும். தகரத்தட்டு அதைவிடப் பொல்லாதது. மாலையில் வெயில் இறங்கியதும், பனி இறங்குவதற்கு முன்பே, முறத்தை உள்ளே எடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் விட்ட ஈரத்தை விதை ஓர் இரவில் திரும்பக் குடித்துவிடும்.

போதுமான அளவு உலர்ந்ததா என்று அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. பூசணி, சுரை விதையை வளைத்தால் மடங்காமல் படக்கென்று ஒடிய வேண்டும். அவரைக் கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டினால் நசுங்காமல் சிதற வேண்டும். நெல்லைப் பல்லிடையில் வைத்துக் கடித்தால் ஓசை கேட்க வேண்டும். சிறிய விதைகளுக்கு உப்புப் பரீட்சை ஒன்று உண்டு: வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பைச் சிறிதளவு ஒரு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டு, அதில் கொஞ்சம் விதையைப் போட்டு மூடிக் குலுக்கிக் கால்மணி நேரம் வைத்தால், உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாயின் விதை இன்னும் வெயிலுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். ஒட்டாமற்போனாலும் நெடுநாள் வைக்கப்போகிற விதைக்கு இன்னும் இரண்டு நாள் வெயில் நஷ்டமில்லை. நம் நாட்டு விதைச் சான்று விதிகளில் நெல்லுக்கு 13, பயறு வகைகளுக்கு 9, கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு 8 சதவிகிதம் என்று ஈரத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டு முறையில் அந்த அளவை எட்டுவது வெயில்காலத்தில் எளிது, மழைக்காலத்தில் ஏறக்குறைய அசாத்தியம்.

இந்த அசாத்தியத்தை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரு வருஷம் புரட்டாசி மாதத்தில், கையில் வந்த அருமையான காராமணி விதையை, இரண்டு நாள் மூடாக்கு வெயிலில் காட்டியதே போதும் என்ற அவசரத்தில், காற்றுப் புகாத புதிய கண்ணாடிப் புட்டியில் அடைத்து மூடியைத் திருகி, மெழுகும் வைத்துவிட்டேன். தையில் திறந்தபோது உள்ளே பச்சைப் பூஞ்சணமும் பழம்பாய் நாற்றமுமாக இருந்தது. அதே விதையில் ஒரு பிடி துணிமுடிச்சில் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தது பாதியாவது முளைத்தது. காற்றுப் புகாத பாத்திரம் வெளி ஈரம் உள்ளே போவதைத் தடுக்கிறதோடு உள் ஈரம் வெளியே வருவதையும் தடுத்துவிடுகிறது. உலர்ந்த விதைக்கு அது கோட்டை, ஈரவிதைக்குச் சிறை. உலர்ந்தது நிச்சயமில்லை என்றால் துணிப்பையும் மண்பானையுமே மேல்.

முன்னோர் கையாண்ட பாத்திரங்களைப் பார்த்தால் இந்த நுட்பம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது புலப்படும். தெற்கு ஜில்லாக்களில் வைக்கோல் பிரி திரித்து, அதற்குள் விதை நெல்லைக் கொட்டி உருண்டையாகக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் மெழுகி வைத்த விதைக்கோட்டை சிறிது மூச்சு விடும் பாத்திரம். சுரை விதையைச் சுரைக்குடுவையிலேயே விட்டு, காம்புத் துளையை அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். பூசணி, பீர்க்கு விதையைச் சாணத்தில் பதித்து, வறட்டியாகச் சுவரில் தட்டிக் காயவைத்து, வேண்டும்போது உடைத்து ஊன்றினார்கள். சோளக்கதிரும் மக்காச்சோளக்கதிரும் விறகடுப்பின் புகை படும் பரணில் கிடந்தன. புகை பூச்சியை விரட்டியது, அடுப்பின் வெதுவெதுப்பு ஐப்பசியிலும் ஈரத்தை உலர்த்தியது. எரிவாயு வந்து புகை போயிற்று. கண்ணுக்கு நல்லது, விதைக்குத்தான் ஒரு துணை குறைந்தது.

இன்றைய சமையலறையில் அந்தத் துணைக்குப் பதிலாக வறுத்த அரிசியை வைத்துக்கொள்ளலாம். பச்சரிசியை வாணலியில் செம்மண் நிறம் வரும்வரை வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, துணிமுடிச்சாகக் கட்டி, விதையின் எடைக்குச் சமமான எடையில் புட்டிக்குள் வைத்து மூடினால், அது விதையிலுள்ள மிச்ச ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குப் பின் அந்த முடிச்சை எடுத்துவிட்டு, புதிதாக வறுத்த சிறு முடிச்சு ஒன்றை வைத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் இடமிருந்தால் அப்படி உலர்ந்த புட்டியைக் கீழ்த்தட்டில் வைக்கலாம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும், வெளியே எடுத்த புட்டியின் குளிர் முழுவதும் தணியும்வரை திறக்கக்கூடாது என்பதும் இரண்டு நிபந்தனைகள். குளிர்ந்த விதையைத் திறந்து வைத்தால், மோர்ச்செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் அதன்மேலும் நீர் படிந்து, இத்தனை நாள் பட்ட பாடு வீணாகும்.

பயறுவகை விதைகளுக்கு ஈரத்தோடு வண்டும் சத்துரு. இது பானைக்குள் உற்பத்தியாவதாகப் பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் பெரும்பாலும் செடியில் நெற்று காயும்போதே முட்டையிட்டு, விதையோடு கூடவே வீட்டுக்கு வந்து சேர்கிறது. பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளிபோல் ஒட்டியிருப்பது முட்டை. பொரித்த புழு உள்ளே குடைந்து, சுமார் ஒரு மாதத்தில் வட்டத் துளையிட்டு வண்டாக வெளியேறி மறுபடியும் முட்டையிடும். சில குடும்பங்களில் அமாவாசைதோறும் விதைப்பயற்றை வெயிலில் காட்டும் வழக்கம் உண்டு. சந்திரனுக்கும் வண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பவர்கள், வண்டின் தலைமுறைக்கும் அமாவாசைக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனிக்கவில்லை. பஞ்சாங்கத்தைவிட நல்ல நினைவூட்டி கிடையாது. ஒரு கிலோ பயற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் முட்டை பிழைப்பது அரிது. சலித்த சாம்பலோ மணலோ பயற்றின்மேல் இரண்டு விரற்கடை கனத்துக்கு மூடினாலும் வண்டு உள்ளே இறங்கத் திணறும். வேப்பிலை, நொச்சி இலை, வசம்புத்தூள் எல்லாம் சேர்க்கத் தகுந்தவையே. ஆனால் இலையை நிழலில் நன்றாக உலர்த்திப் போட வேண்டும். பச்சிலையைப் போடுவது பூச்சிக்குப் பயந்து ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

இவ்வளவு சொன்னபின், உலர்த்தினால் செத்துப்போகிற விதைகளும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். மா, பலா, நாவல், கறிவேப்பிலை ஆகியவற்றின் விதை ஈரத்தோடு பிறந்து ஈரத்தோடே மண்ணுக்குப் போக விரும்புகிறது. கறுத்துப் பழுத்த கறிவேப்பிலைப் பழத்தின் சதையைக் கழுவி உடனே ஊன்ற வேண்டும். மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் தின்ற வாரத்திலேயே. இவற்றைச் சேமிக்க ஒரே வழி நாற்றாகச் சேமிப்பதுதான். மஞ்சள், இஞ்சி, சேனை, சேம்பு போன்ற கிழங்குகளுக்கு நிழலும் காற்றும் போதும். சின்ன வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடலாம்.

விதை எத்தனை வருஷம் தாங்கும் என்பதற்கு எல்லை சொல்வது கடினம். அமெரிக்காவில் மிச்சிகனில் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் 20 புட்டிகளில் களை விதைகளை ஈரமணலோடு கலந்து பூமியில் புதைத்து வைத்தார். 2021-ல் தோண்டியெடுத்த புட்டியிலும் சில முளைத்தன. நம் வெண்டைக்காயிடம் அந்தக் களைகளின் பிடிவாதத்தை எதிர்பார்க்கலாகாது. நம் சீதோஷ்ணத்தில், சாதாரணப் பாதுகாப்பில், வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்பத் தகுந்ததன்று. வெண்டை ஒன்றிரண்டு பட்டம். கத்தரி, தக்காளி, பூசணி வகைகள் நன்றாக உலர்ந்திருந்தால் இரண்டு மூன்று வருஷம். நிலக்கடலையைத் தோலோடு வைத்தால் அடுத்த பட்டத்துக்கு வரும். பருப்பாக உடைத்து வைத்தால் வராது.

ஆகையால் விதைக்குமுன் பரீட்சை அவசியம். ஆடி மாதத்து அம்மன் கோயில்களில் முளைப்பாரி எடுக்கிறார்களே, அந்த வழக்கம் எப்படித் தோன்றியிருந்தாலும், வீட்டு விதையில் ஒரு பிடியை மண்சட்டியில் எருவோடு இட்டு, இருட்டறையில் நீர் தெளித்து வளர்த்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து ஊரார் கண்ணுக்குக் காட்டுவதைவிடச் சிறந்த முளைப்புப் பரீட்சையை எந்த ஆராய்ச்சிச் சாலையும் வகுக்க முடியாது. யார் வீட்டுப் பயறு அடர்த்தியாக வந்தது, யார் வீட்டுச் சட்டி மொட்டையாக நிற்கிறது என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். யாரிடம் விதை கேட்பது என்பதும் தெரிந்துவிடும். வீட்டளவில், இருபது விதையை ஈரத்துணியில் வரிசையாகச் சுருட்டி, துணி காயாமல் நீர் தெளித்து வந்தால், பயறு மூன்று நாளிலும், வெண்டை ஐந்தாறு நாளிலும், கத்தரியும் மிளகாயும் ஒன்று அல்லது இரண்டு வாரத்திலும் கணக்குச் சொல்லும். இருபதுக்குப் பதினான்கு முளைத்தால் நிம்மதியாக விதைக்கலாம். பத்து என்றால் இரட்டிப்பாகப் போட வேண்டும். ஐந்துக்குக் கீழே என்றால் அக்கம்பக்கத்தில் கை நீட்டுவதற்கு வெட்கப்படக் கூடாது.

விதைக்கும்போது ஆழம் விதையின் கனத்தைப்போல் இரண்டு பங்கு. இதற்கு மிஞ்சிப் புதைப்பதே பொதுவான பிழை. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, கையால் தடவிவிட்டாலே போதும். வெண்டையை முந்திய இரவு நீரில் ஊறவைக்கலாம்; பாகலின் ஓட்டை நகவெட்டியால் ஓரத்தில் மெல்லக் கிள்ளிவிட்டால் விரைந்து வரும். எறும்பு, கீரை விதையையும் தக்காளி விதையையும் ஒரே இரவில் தன் களஞ்சியத்துக்கு மாற்றிவிடும் சாமர்த்தியம் உடையது. நாற்றுச் சட்டியின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் போடுவதோ, சட்டியை நீர்த்தட்டின் நடுவில் கல்மேல் வைப்பதோ பலன் தரும். தக்காளி நாற்றை மூன்றரை வாரத்திலும், கத்தரியை ஒரு மாதத்திலும், மிளகாயை இன்னும் ஒரு வாரம் தள்ளியும், வெயில் தாழ்ந்த வேளையில் பிடுங்கி நடலாம். எதைப் பயிரிடுவது என்பதற்கு என் யோசனை ஒன்றுதான்: வீட்டில் தின்னாத காய்க்கு இடம் தராதீர்கள். வாழையைப் பாத்திரம் கழுவும் நீர் போகும் இடத்திலும், கறிவேப்பிலையைக் கிணற்றடியிலும், கீரையை அரிசி களைந்த நீர் கொட்டும் இடத்திலும் வைத்துவிட்டால், சிறிய கொல்லையில் பாதி பாசனம் தானே நடந்துவிடும்.

புட்டிதோறும் சீட்டு ஒட்ட மறக்கக் கூடாது: ரகம், எடுத்த மாதமும் வருஷமும், யார் கொடுத்த விதை என்ற மூன்று குறிப்பு. அரைக்கீரையும் சிறுகீரையும் தண்டுக்கீரையும் விதையில் ஒரே முகம். நான் ஞாபகசக்தியை நம்பி இரண்டு முறை ஏமாந்தேன். மூன்றாவது குறிப்பு வெறும் நன்றிக்காக அன்று. நம் புட்டி கெட்டுப்போனால் திரும்பப் போய்க் கேட்க வேண்டிய வீடு அது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திரும்பக் கேட்டார். நூற்றைம்பதுக்கும் மேலாகப் பெருகிய ரகங்களை ஒரே கிடங்கில் பூட்டி வைக்காமல் நூறு வீட்டுப் பானைகளில் பரப்பி வைத்த உபாயம் அது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டியதில்லை. அருமையான பீர்க்கு விதை முப்பது கிடைத்தால், பத்தை ஊன்றி, பத்தைப் புட்டியில் வைத்து, பத்தை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் போதும்.

ஆடிப்பெருக்குக்குள் ஊன்ற வேண்டியதை ஊன்றிவிட்டு, பழைய புட்டிகளில் மிஞ்சிய விதை பரீட்சையில் தேறாமற்போனால் அதைக் கோழிக்கோ எருக்குழிக்கோ போட்டுவிடுங்கள். மருந்து பூசிய விதையாக இருந்தால் குழியில் ஆழப் புதைத்துவிடுங்கள். வறுத்த அரிசி முடிச்சை அவிழ்த்துக் கொட்டி, புட்டியை வெந்நீரில் கழுவி, மூடியையும் தனியே கழற்றி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அடுத்த பங்குனியில் பீர்க்கு நெற்று கிலுகிலுக்கும்போது அதை மறுபடியும் தேட வேண்டியிருக்கும்.